ஆடு: நான்கு

மார்ச் 4

அண்ணாவுக்கு,

நேற்றுக் காலை நகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்து என் ஆடுகளை எண்ணினார்கள். இருபத்திரண்டு. போகும்போது கொட்டகைக் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். பதிவில் உள்ள எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஆடுகளை முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் இரண்டாம் தேதிக்குள், நானே அகற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவர்களே வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவார்கள். வண்டி வாடகையும் என் தலையில்.

எண்ணிய லட்சணத்தையும் கேளுங்கள். எண்ணியதை மறுபடி எண்ணாமல் இருக்க ஆய்வாளர் ஒவ்வொரு ஆட்டின் நெற்றியிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இவர் இந்தக் கோடியில் போடப் போட, அந்தக் கோடியில் ஒன்றை ஒன்று நக்கி அழித்துவிட்டன. முதல் தடவை இருபத்தாறு வந்தது, மறுபடி எண்ணியபோது இருபத்திரண்டு. "ஏம்மா, நாலு ஆட்ட எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று என்னையே கேட்கிறார். நேற்று முதல் அவருக்கு எங்கள் வீட்டில் சாக்பீஸ் என்று பெயர்.

பதிவில் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். "அது பதிவறையில இருக்கும், என்கிட்ட இல்ல" என்றார்.

ஆறு வருடத்துக்கு முன் உங்கள் பங்கை மனை போட்டு விற்றீர்களே, அப்போதுதான் நகரசபை வரைபடத்தில் இந்த இடம் பச்சையிலிருந்து மஞ்சளானது. பச்சை என்றால் வேளாண் பகுதி, மஞ்சள் என்றால் குடியிருப்பு. ஒரே சர்வே எண் என்பதால் என் முக்கால் ஏக்கரும் சேர்ந்து மஞ்சளாகிவிட்டது. "சும்மா ஒரு கையெழுத்துதான் பாப்பா, உனக்கு ஒண்ணும் ஆகாது. ஏற்கெனவே இருக்குற ஆடு அப்படியே இருக்கலாம், அதுக்கு ஒரு படிவம் இருக்கு, நானே நிரப்பிக் குடுத்துடுறேன்" என்றீர்கள். அந்தப் படிவத்தில் எத்தனை என்று எழுதினீர்கள்? நகல் வைத்திருந்தால் உடனே அனுப்புங்கள். அன்றைக்கு என்னிடம் பத்தொன்பது இருந்தது. பத்தொன்பது என்று இருந்தால் மூன்றை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன், வைத்த பிறகுதான் கேட்க வந்ததே ஞாபகம் வரும். அதனால் இதை உங்கள் மண்டியிலிருந்து வரும் தவிட்டு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். போன் வந்தால் எடுக்கமாட்டேன்.

தங்கை

மார்ச் 8

பாப்பா,

கடிதம் கிடைத்தது. ஐந்து தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. சொன்னதைச் செய்கிறவள்தான் நீ. சரி, எழுதுகிறேன். மண்டியில் இரண்டு லோடு புண்ணாக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

முதலில் பதறாதே. நோட்டீஸ் ஒட்டுவது அவர்கள் பிழைப்பு, நம் மண்டிக் கதவில் வருடத்துக்கு மூன்று ஒட்டுகிறார்கள். இருபத்திரண்டில் எத்தனை குட்டி? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் எண்ணிக்கையில் சேராது என்று விதி உண்டு. பன்னிரண்டைக் குட்டி என்று சொல். எல்லாம் சின்ன ஜாதி ஆடுதானே, யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்து, புகார் கொடுத்தது யார் என்று பார். பக்கத்து மனையை வாங்கிய பல் டாக்டராகத்தான் இருக்கும். அவருக்குத் தினம் அரை லிட்டர் பால் அனுப்பு. பால் குடிக்கிற வாய் புகார் சொல்லாது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பத்து ஆட்டை விற்றுவிடு. இப்போது நல்ல விலை போகிறது, ஆளை நானே அனுப்புகிறேன்.

படிவத்தின் நகல் அலமாரியில் எங்கோ கிடக்கும். அலமாரிக்கு முன்னால் தவிட்டு மூட்டை அடுக்கியிருக்கிறது. இப்போதைக்கு எடுக்க முடியாது. அது ஒன்றும் அவ்வளவு முக்கியமில்லை.

அண்ணியும் விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 12

அண்ணாவுக்கு,

நாற்பத்தேழு வயதாகிறது எனக்கு. பாப்பா என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

நீங்கள் சொன்னபடியெல்லாம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நகரசபைக்குப் போய்ப் பன்னிரண்டு குட்டி என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே சாக்பீஸ் வந்துவிட்டார். ஒவ்வொன்றாகப் பிடித்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "இது ரெண்டு பல்லு. இது நாலு பல்லு. இது கடைவாய் முளைச்சு கெழவி ஆயிடுச்சும்மா, இதையா குட்டிங்கிறீங்க?" சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் 'ஆமாம், சரிதான்' என்கிற மாதிரி தலையை வேறு ஆட்டுகிறார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நோட்டீஸில் இப்போது 'பொய்த் தகவல் அளித்தார்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. அதுதான் உங்கள் யோசனையால் எனக்குக் கிடைத்த லாபம்.

பாலும் கொண்டுபோனேன். டாக்டர் செம்பைக் கையில் வாங்கவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"எனக்கு ஆட்டு மேல ஒண்ணும் கோபம் இல்லம்மா. சமையலறை ஜன்னலைத் திறக்க முடியல. வீடு கட்டி ரெண்டு வருஷமா மூடியே கெடக்கு. உங்க அண்ணன் சொன்ன கெடு முடிஞ்சும் ஒரு வருஷம் பொறுத்துட்டுத்தான் புகார் குடுத்தேன்."

"என்ன கெடு?"

"மனை விக்கும்போது சொன்னாரே! தங்கச்சிக்கு முடியல, நீங்க வீடு கட்டி வந்த ஒரு வருஷத்துல ஆட்டையெல்லாம் வித்துடுவா, அதுக்கப்புறம் இங்க காத்து மட்டும்தான் வரும்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எனக்கு முடியாமல் போனதும் தெரியாது. தினம் விடியக்காலை எழுந்து இருபத்திரண்டு ஆட்டைக் கறந்து, வேனை நானே ஓட்டிக்கொண்டு போய் முப்பது வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்கும் ஊற்றிவிட்டு வருகிறவளுக்கு முடியவில்லையாம். இரண்டு ஆட்டில் தொடங்கினேன். பதினான்கு வருடம். நீங்கள் மனை விற்ற வாயோடு வாயாக அதையும் சேர்த்து விற்றுவிட்டீர்கள்.

நகல் எங்கே?

மார்ச் 15

தங்கச்சிக்கு,

பாப்பா என்று எழுதவில்லை, போதுமா?

கோபம் நியாயம்தான். ஆனால் வியாபாரம் என்றால் என்னவென்று உனக்கும் தெரியும். மனையைப் பார்க்க வந்த மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். "ஆடு எப்பப் போகும்?" என்று கேட்கிறான். "போகவே போகாது" என்று சொல்லி மனை விற்றவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டு. அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை. அதை அவர் பத்திரம் மாதிரி மனசில் பூட்டி வைத்துக்கொள்வார் என்று நான் கண்டேனா?

என் பக்கத்தையும் கொஞ்சம் யோசி. அப்பா உனக்குக் கிணறும் வீடும் நல்ல மண்ணுமாக முக்கால் ஏக்கர் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது மேற்கே கல்லு, கிழக்கே வாய்க்கால் ஓரமாக ஒரு கால் ஏக்கர் துண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. ஊரை விட்டு வந்து, முதுகில் மூட்டை தூக்கி, அந்தக் கல்லை விற்ற காசில்தான் இந்த மண்டியை எனக்கென்று வாங்கினேன். யார் என்னைத் தூக்கிவிட்டார்கள்? பேசிப் பேசித்தான் மேலே வந்தேன். அந்தப் பேச்சைத்தான் இன்று நீ குற்றம் என்கிறாய்.

ஒன்று செய்கிறேன். பதினெட்டு ஆட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன். சந்தை விலைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன். லாரியை அனுப்பட்டுமா?

நகரசபைக்கு மட்டும் இனிமேல் போகாதே. பழைய காகிதத்தைக் கிளறினால் இருப்பதும் போய்விடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

அண்ணன்

மார்ச் 19

பதினெட்டு என்று எழுதியிருந்தீர்கள். இருபத்திரண்டில் பதினெட்டு. நாலு மட்டும் ஏன் மிச்சம் என்று அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாளே நகரசபைக்குப் போனேன்.

பதிவறை மாடியில், மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே இருக்கிற எழுத்தரம்மா நகலுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரே பக்கம். உங்கள் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? 'ஏற்கெனவே வளர்க்கப்படும் கால்நடைகள்' என்கிற கட்டத்தில் நீலப் பேனாவில், ஆடு: நான்கு. எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதியிருக்கிறீர்கள், யாரும் திருத்திவிடக் கூடாது என்று.

"என்னம்மா, தப்பா இருக்கா?" என்றார் எழுத்தரம்மா.

"பத்தொம்பது இருந்துச்சும்மா."

"அப்ப பத்தொம்பதுன்னு எழுதியிருந்தா யாரும் உங்களை ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்களே. பழைய எண்ணிக்கை எத்தனையானாலும் தொடரலாம், அதுதானே விதி. கொறைச்சு எழுதுவாங்களா யாராவது?"

என் அண்ணன் எழுதுவார் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

நாலு ஆட்டுப் பால் வேனுக்கு டீசல் போடக் காணாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடுத்த மாதம் பால் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். அலமாரி, தவிட்டு மூட்டை என்று கதை சொன்னீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போவதற்கு முன் எழுத்தரம்மா ஒன்று சொன்னார். ஒரே பெயரில் தொடர்ச்சியாக ஒரு ஏக்கர் இருந்து, ஒரு பக்கமாவது பச்சைப் பகுதியைத் தொட்டால், அதைத் திரும்பப் பச்சையாக்கக் கேட்டு மனுப் போடலாம். மனு பதிவாகிவிட்டால் அது முடியும்வரை நோட்டீஸ் நிற்கும். பச்சையாகிவிட்டால் எண்ணிக்கை வரம்பு கிடையாது, கொட்டகை மட்டும் அண்டை வீட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

என்னிடம் முக்கால் இருக்கிறது. உங்கள் வாய்க்கால் துண்டு கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் பச்சை. அதை எனக்கு விற்றுவிடுங்கள். சும்மா கேட்கவில்லை, விலையைச் சொல்லுங்கள்.

இன்று வந்த தவிட்டை இறக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 22

தங்கச்சிக்கு,

தவிட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஆடு என்ன பாவம் செய்தது? இந்த லாரியில் மறுபடி ஏற்றியிருக்கிறேன், இறக்கிக்கொள்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். நகல் அலமாரியில் இல்லை, மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?

அன்று ஏன் நான்கு என்று எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதன்முதலில் நான் சந்தைக்கு ஓட்டிப்போனது ஒரு வியாபாரியின் பதினொரு ஆடு. வாசலில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். "எத்தனை?" என்றான் வசூலிப்பவன். "அஞ்சு" என்றேன், நெரிசலில் விட்டுவிட்டான். அன்றைக்கு வியாபாரி என் தோளில் தட்டிக்கொடுத்தார். அதிலிருந்து முப்பது வருடம் எந்த வாசலிலும், எந்தப் படிவத்திலும், கேட்கிறவன் எத்தனை என்றால் பாதிக்கும் கீழேதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் படிவத்திலும் தலைக்குக் கட்டணம் என்று போட்டிருந்தது. உனக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். கூட்டிச் சொல்ல வேண்டிய இடமும் உலகத்தில் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு மிச்சமானது ஒரு மூட்டைத் தவிட்டு விலைகூட இல்லை.

வாய்க்கால் துண்டைக் கொடுக்க முடியாது. மனமில்லாமல் இல்லை. அதற்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். வாங்கியது யாரிடம் என்று கேட்காதே. சரி, கேட்காமல் விடமாட்டாய். பல் டாக்டரிடம்தான். கிளினிக் கட்டப் போகிறார். எட்டு லட்சம் பேசி, ஒரு லட்சம் கையில் கொடுத்திருக்கிறார். நான் பின்வாங்கினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும், அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை அண்ணி படித்துவிட்டாள். இரண்டு நாளாகப் பேசவில்லை. நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மட்டும் பேசினாள். "டாக்டருக்கு ஒரு பேச்சு, தங்கச்சிக்கு ஒரு பேச்சு, நகரசபைக்கு ஒரு பேச்சு. எனக்கு எதைச் சொல்லி வச்சிருக்கீங்கன்னு இனிமேதான் நான் எண்ணிப் பார்க்கணும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய சுவர்தான் முட்டுகிறது. எனக்கு வழி தெரியவில்லை. இப்படி நான் யாரிடமும் எழுதியதில்லை.

அண்ணன்

மார்ச் 25

அண்ணாவுக்கு,

தவிடு இறக்கிக்கொண்டேன். ஆடுகளுக்காக.

வழி தெரியவில்லை என்று எழுதிவிட்டு நீங்கள் மண்டியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் டாக்டர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நோயாளிகளோடு நோயாளியாக இரண்டு மணி நேரம். கூப்பிட்டதும் நாற்காலியில் சாயச் சொன்னார். பல்லுக்கு வரவில்லை என்றேன்.

வாய்க்கால் ஓரத்துக்குக் கொட்டகையை மாற்றினால் உங்கள் ஜன்னலிலிருந்து எழுபது மீட்டர், நானே நாடா பிடித்து அளந்தேன் என்றேன். விதி கேட்பது முப்பதுதான். அவர் எழுந்துபோய்க் கை கழுவினார்.

"அப்ப என் கிளினிக்?"

"வீட்டு முன்னறையிலதானே இப்ப நடக்குது? இன்னிக்கே பதினோரு பேர் உக்காந்திருந்தாங்க, நான் எண்ணினேன்."

"உங்க அண்ணன் மாதிரியே பேசுறீங்க."

"இல்ல டாக்டர். பன்னிரண்டு பேர் இருந்தாங்க, ஒருத்தர் நான்."

சிரித்துவிட்டார். ஆனால் காசு விஷயத்தில் அசையவில்லை. இரட்டிப்பு என்றால் இரட்டிப்புதான் என்று பத்திரத்தையே எடுத்துக் காட்டினார். நான் விடவில்லை. கொட்டகை இங்கேயே நாலு ஆட்டோடு நின்றாலும் ஜன்னல் மூடித்தான் இருக்கும், பதிவான நாலை யாரும் அகற்ற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதுதான் அவரை யோசிக்க வைத்தது. உங்கள் நீலப் பேனா செய்த ஒரே உபகாரம். கடைசியில் அட்வான்ஸ் ஒரு லட்சத்தோடு மேற்கொண்டு ஐம்பதாயிரம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்றார். ஆறு மாதத்துக்குள் கொட்டகை நகர வேண்டும், எருக்குழிக்கு மூடி போட வேண்டும். ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஐம்பதாயிரம் நீங்கள் கொடுக்க வேண்டியது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. துண்டுக்கு உங்கள் விலை என்ன?

தங்கை

மார்ச் 28

தங்கச்சிக்கு,

டாக்டரை அம்பதுக்கு இறக்கிவிட்டாயா! நான் நேரில் போயிருந்தால் எழுபத்தைந்துக்குக் கீழே வந்திருக்க மாட்டார். மண்டிக்கு ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா? விளையாட்டுக்குச் சொன்னேன், திட்டாதே.

பணத்தை நேற்றே டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். ரசீதைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எட்டு லட்சத்துக்குப் போக வேண்டிய துண்டு. உனக்கு இரண்டு லட்சம் என்று போடுகிறேன். பச்சை நிலத்துக்கு அதுதான் இன்றைய விலை. அதற்குக் கீழே போனால் அண்ணிக்குப் பதில் சொல்ல முடியாது என்று எழுத நினைத்தேன். அவளோ சும்மாவே கொடுத்துவிடுங்கள் என்கிறாள். ஆகவே அண்ணியைச் சாக்குச் சொல்ல வழியில்லை. விலை என்னுடையது. எனக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது, அதையும் நினைத்துப் பார்.

மனுப் படிவத்தை இங்கேயே வாங்கி மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டேன். எண்ணிக்கை எழுதும் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 30

அண்ணாவுக்கு,

நீங்கள் நிரப்பிய படிவம் வேண்டாம். எழுத்தரம்மாவிடம் புதிதாக ஒன்று வாங்கி நானே நிரப்பிவிட்டேன். ஆடு: இருபத்திரண்டு, எண்ணிலும் எழுத்திலும். இத்தனை வருடத்தில் ஒரு படிவத்தைக்கூட நான் சொந்தமாக நிரப்பியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதில் என் தப்பும் இருக்கிறது. உங்களைத் திட்டிய சூட்டில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மனு முடிய ஒரு வருடம்கூட ஆகலாமாம். அதுவரை சாக்பீஸ் மாதம் ஒருமுறை வந்து எண்ணுவார். 'பொய்த் தகவல் அளித்தார்' என்கிற வரியை அழிக்க முடியாதாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் பாதிப் பாலை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த ஒரு மாதம் எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? நீங்கள் எதிரில் இருந்தால் இன்னும் நிறையச் சொல்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு லட்சம் ஆகாது. பச்சை நிலத்தின் விலை இங்கே என்னவென்று பத்திர அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். கால் ஏக்கருக்கு ஒன்றரை. கேட்கிறவனிடம் குறைத்துச் சொல்கிற நீங்கள் தங்கச்சியிடம் மட்டும் கூட்டிச் சொல்கிறீர்கள். இன்று மதியம் உங்களுக்கு நானே போன் செய்தேன். இருபத்தாறு நாளில் முதல் தடவை. நீங்கள் எடுத்ததும் "ஒன்றரை" என்றேன். "சரி" என்றீர்கள். வைத்துவிட்டேன். எழுத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வாய்க்கால் ஓரக் கால் ஏக்கரின் விலை ஒன்றரை லட்சம். பத்திரம் பதிகிற அன்று முப்பதாயிரம், மீதி மாதம் ஐயாயிரமாக இரண்டு வருடம், வட்டி கிடையாது. பத்திரச் செலவு என்னுடையது. கொட்டகையை இடம் மாற்றும் கூலி உங்களுடையது. தவிடு எப்போதும்போல் வாரம் இரண்டு நடை, மண்டியின் அடக்க விலையில். இனிமேல் என் பெயரில் எந்தக் காகிதத்திலும் நீங்கள் ஓர் எழுத்து எழுதக் கூடாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பத்திர அலுவலகத்தில் இருக்க வேண்டும், பதிந்த கையோடு அன்றே மனுவைக் கொடுத்துவிடுவேன். பேனா கொண்டுவர வேண்டாம், நான் கொண்டுவருகிறேன்.